இந்தப் பொங்கலுக்கு உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போங்கள்: பறவை ஆர்வலர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வார இறுதியில் விடிவதற்கு முன்னால் பைனாக்குலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற தமிழ்நாட்டுப் பறவைக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக, குழுவை இழுத்துக்கொண்டு போகிற அண்ணன்மார், அக்காமார்களுக்கு. வண்டிக்குச் சொல்லி, தூங்குகிறவர்களைப் போன் போட்டு எழுப்பி, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் தங்கள் பைனாக்குலரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கண்ணோடு நிற்கிறவர்கள் நீங்கள்தான்.

மார்கழி பிறந்துவிட்டது. பொங்கலை ஒட்டி நடக்கும் நான்கு நாள் பறவைகள் கணக்கெடுப்புக்கு எங்கே போவது என்ற பேச்சு எல்லாக் குழுக்களிலும் ஆரம்பித்திருக்கும். 2015இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு இப்போது நம்மில் பலருக்குப் பொங்கலோடு சேர்ந்தே வருகிற ஒன்றாகிவிட்டது. அதற்காக நான் கேட்பது ஒன்றுதான். அந்த நான்கு நாளில் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் வடுவூருக்கும் என்று பேர்பெற்ற பறவைச் சரணாலயங்களுக்கு வேன் பிடிக்காதீர்கள். குழுவை இரண்டு மூன்று பேராகப் பிரித்து, யாருமே இதுவரை எண்ணாத ஏரி, குளம், கண்மாய்களுக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும்.

வேடந்தாங்கல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டாசு வெடிக்காமல், தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிற ஊர் அது. அங்கிருந்துதான் நம்மில் பாதிப் பேர் இந்தப் பித்தையே பிடித்துக்கொண்டு வந்தோம். ஆனால் அங்கே எண்ண ஆள் இருக்கிறது. வனத்துறை ஒவ்வொரு குளிர்காலமும் எண்ணுகிறது, ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு என்று 1987இலிருந்து ஒன்று நடக்கிறது, வருகிற சுற்றுலாக் கூட்டத்திலும் பத்துப் பேர் பட்டியல் போடுகிறார்கள். பொங்கல் நாளில் அதே மேடையில் ஏறி அதே கூழைக்கடாக்களை நீங்களும் எண்ணினால் ஏற்கெனவே தெரிந்ததுதான் இன்னொரு முறை தெரியும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40 ஆயிரம் ஏரி குளங்கள் இருக்கின்றன. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் இருப்பவை 20. மீதியில் எத்தனைக்கு ஒரே ஒரு பறவைப் பட்டியலாவது இருக்கிறது என்று உங்கள் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் பறவைப் பட்டியல்களை ஏற்றுகிற இபேர்டு தளத்தின் வரைபடத்தில் பார்த்தீர்களானால் மனசு கஷ்டப்படும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைகிறது. அப்புறம் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போகப் போக, மார்கழி தை மாதங்களில் உள்வாய்ப் பக்கம், அதாவது கண்மாய்க்குள் ஆழம் குறைந்த பக்கம், சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அந்தச் சேற்றில்தான் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் சாப்பாடு. ஒரு கண்மாயில் சேறு காய்ந்துவிட்டால் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கேயும் முடிந்தால் அதற்கடுத்தது. நீலச்சிறகி வாத்துக் கூட்டமும் இப்படித்தான் சுற்றுகிறது. காலையில் ஒரு ஏரியில் இருப்பது மறுநாள் பத்து மைல் தள்ளி இருக்கும். நல்ல மழை பெய்த வருஷத்தில் எல்லாக் கண்மாயிலும் தண்ணீர் இருப்பதால் பறவைகள் சிதறிப்போகின்றன, சரணாலயத்தில் எண்ணிக்கை குறைகிறது. மழை பொய்த்த வருஷத்தில் சின்னக் குளமெல்லாம் வறண்டு, எல்லாம் ஒரே பெரிய ஏரியில் வந்து குவிகின்றன. அங்கே மட்டும் எண்ணுகிறவர் கணக்கில் அது நல்ல வருஷம். அதாவது, பெரிய ஏரியை மட்டும் பார்த்தால் பஞ்சத்தைச் செழிப்பு என்றும் செழிப்பைப் பஞ்சம் என்றும் படித்துவிட முடியும். சுற்றியுள்ள சின்னக் கண்மாய்களின் கணக்கு பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பெரிய எண்ணுக்கே அர்த்தம் வரும்.

ராமநாதபுரத்தைப் பாருங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், இந்த நான்குமே ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. நான்கும் விவசாயத்துக்காகக் கரை கட்டிய கண்மாய்கள். கருவேல மரமும் தண்ணீரும் தொந்தரவில்லாத சில மாதங்களும் இருந்தால் போதும் என்று பறவைகள் வந்து உட்கார்ந்த இடங்கள். இவற்றுக்குப் பக்கத்து ஊர்க் கண்மாய்களிலும் அதே மரமும் அதே தண்ணீரும்தான் இருக்கின்றன. திருப்பூர் நஞ்சராயன் குளத்தை எடுத்துக்கொண்டால், சாயப்பட்டறை நகரத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு குளம் அது. உள்ளூர் ஆர்வலர்கள் வருஷக்கணக்காகப் போய்ப் போய்ப் பார்த்து, எழுதி வைத்து, அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2022இல் சரணாலயமானது, 2024இல் ராம்சார் தளமானது. எழுதி வைத்த கணக்கு கையில் இல்லாமல் அவர்கள் யாரிடம் போய் என்ன பேசியிருக்க முடியும்?

இதற்கு நேர்மாறாக எங்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அகலமான கண்மாய், பாதிக்கு மேல் முழங்கால் ஆழம்கூட இல்லாத உள்வாய். தூர்வாருகிறோம், நடைபாதை போடுகிறோம் என்று வந்தார்கள். தூர்வாருவது தப்பில்லை, விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் கரையோரம் சுற்றிலும் ஒரே ஆழமாகச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். இப்போது அதில் தண்ணீர் நிறைய நிற்கிறது, நீர்க்காகம் முங்கி எழுகிறது, முக்குளிப்பான் இருக்கிறது, அவ்வளவுதான். கால் ஊன்றி நடக்க இடம் வேண்டிய பறவை எதுவும் அங்கே இறங்குவதில்லை. ஒரு பக்கத்தையாவது சரிவாக விடுங்கள் என்று ஊர்க்காரர்கள் சிலர் போய்க் கேட்டபோது, இங்கே என்ன பறவை வந்தது, எத்தனை வந்தது, காட்டுங்கள் என்றார்கள். நியாயமான கேள்விதான். காட்டுவதற்கு அந்தக் கண்மாய் பேரில் யாரும் எப்போதும் எழுதிய ஒரு பட்டியல்கூட இல்லை.

சரி, போய் என்ன செய்வது? எண்ணும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழுக்களோடு போகும்போது கவனித்திருக்கிறேன், நடையில் பார்க்கிற உற்சாகம் பட்டியலில் வருவதில்லை. காகம், மைனா, மடையான், உண்ணிக்கொக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதே இல்லை. பூனைப்பருந்து ஒன்று பறந்தால் மட்டும் முப்பது பேரும் எழுதுகிறார்கள். முழுமையான பட்டியல் என்றால் அடையாளம் தெரிந்த அத்தனையும், கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும், அதில் இருக்க வேண்டும். அப்படி எழுதினால்தான் பட்டியலில் வராத பறவை உண்மையிலேயே அங்கே கண்ணில் படவில்லை என்று பின்னால் ஆராய்கிறவர் எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் ஐந்து அபூர்வப் பறவையை மட்டும் எழுதினால், அங்கே காகம் இல்லையா, நீங்கள் எழுதவில்லையா என்று யாருக்கும் தெரியாது. எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். தோராயமாக 60 என்று போட்டாலும் அது ஒரு தகவல். எக்ஸ் என்றால் ஒன்றாகவும் இருக்கலாம், ஆயிரமாகவும் இருக்கலாம்.

பெரிய கூட்டத்தை எண்ணப் பயப்பட வேண்டாம். முதலில் பத்தை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, கூட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அதே அளவு துண்டு துண்டாக நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டு அப்புறம் ஒப்பிடுவது நல்லது. பேசிக்கொண்டே எண்ணினால் ஒருவர் சொன்ன எண் மற்றவர் காதில் ஏறிவிடும். நாமக்கோழிகளை எண்ணுவது சுலபம், தண்ணீரில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். மீசை ஆலாக்கள்தான் படுத்தும், சுற்றிச் சுற்றி வருவதால் பார்த்ததையே திரும்பவும் எண்ணுவோம். அவை களைத்து மீன்பிடிக் கம்புகளில் வரிசையாக உட்காரும் வரை காத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

குழுவாகப் போனால் ஒருவர் மட்டும் பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிருங்கள். பதினைந்து பேர் பதினைந்து பட்டியல் ஏற்றினால் அங்கிருந்த 40 தட்டைவாயன் வாத்து 600 ஆகத் தெரிகிற ஆபத்து உண்டு. பட்டியலுக்குப் பதினைந்து நிமிஷமாவது ஓரிடத்தில் நில்லுங்கள். கண்மாய்க்கு ஒரு பட்டியல், அடுத்த கண்மாய்க்குத் தனிப் பட்டியல். காலையிலிருந்து மாலை வரை ஐந்து ஊர் சுற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்பது யாருக்கும் புரியாது.

இந்தப் பட்டியல்களால் என்ன ஆகிறது என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைக் காட்டுங்கள். சுமார் 30 ஆயிரம் பேர் போட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து எழுதியது அது. நம்மைப் போல வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் லீவு நாளில் எடுத்த கணக்கு. 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்றார்கள். தட்டைவாயன், ஊசிவால் வாத்து, கிளுவை போன்ற வலசை வாத்துகள் நன்றாகக் குறைந்திருப்பதும், கரண்டுக் கம்பியில் தினமும் பார்க்கிற பனங்காடை 30 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் தெரிய வந்தது. பனங்காடையை யாரும் அபூர்வம் என்று தேடிப் போய் எழுதவில்லை. சும்மா எதிர்ப்பட்டபோதெல்லாம் எழுதியவர்கள் இருந்ததால்தான் குறைவதே கண்ணுக்குப் பட்டது. காகத்தையும் மைனாவையும் எழுதுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

பேர் தெரியாத கண்மாய் சலிப்பாக இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு, ஒரு தை மாதக் காலையில் சேற்று ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பாருங்கள் என்பேன். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முதலில் ஒன்றும் தெரியாது, சேறுதான் தெரியும். அப்புறம் சேற்றில் ஒரு கட்டி நகரும். பட்டாணி உப்புக்கொத்தி: நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், திரும்ப ஓடும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பக்கத்தில் ஒன்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடந்தால் அது உள்ளான். தோளுக்கும் மார்புக்கும் நடுவில் வெள்ளை மேலேறி வளைந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகில் பொரி தூவியது போல் வெள்ளைப் புள்ளியும், கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைப் புருவமும், மஞ்சள் ஓடிய காலும் இருந்தால் பொரி உள்ளான். அதையே பச்சை உள்ளானோடு குழப்பிக்கொள்பவர்கள் அது பறக்கும் வரை பொறுத்திருங்கள். இறக்கையின் அடிப்பக்கம் கறுத்துத் தெரிந்தால் பச்சை உள்ளான், வெளிறித் தெரிந்தால் பொரி உள்ளான். இவற்றுக்கு நடுவில் கொசு உள்ளான்கள், தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகும். 25 கிராம் தேறுமா என்று இருக்கும் அந்த உடம்பு, சைபீரியாவின் வடகோடியில் ஆர்க்டிக் கடலோரத் துந்திராவில் முட்டையிலிருந்து வந்தது. உங்கள் ஊர் உள்வாயில், ஆடுகள் தண்ணீர் குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அது குளிர்காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இதைவிட என்ன அபூர்வம் வேண்டும்?

கேமராக்காரர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் படங்களால்தான் பல சந்தேகங்கள் தீர்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் பறக்கிற படம் வேண்டும் என்று கூட்டத்தை எழுப்பிவிடுகிற வேலையை நிறுத்த வேண்டும், குழுவை நடத்துகிறவர்கள் இதை அங்கேயே, அப்போதே சொல்லி நிறுத்த வேண்டும். பகலெல்லாம் தின்று கொழுப்புச் சேர்த்தால்தான் அவை பங்குனி வாக்கில் திரும்பி அத்தனை தூரம் பறக்க முடியும். ஒருமுறை கலைத்தால் கூட்டம் திரும்பி இறங்கி அமைதியாக மேய ஆரம்பிக்க நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தில் தீனியும் போச்சு, பறந்த சக்தியும் போச்சு. போனில் குரலை ஓடவிட்டுக் கதிர்க்குருவியைப் புதரிலிருந்து வரவழைப்பதும் வேண்டாம். ஆந்தை பகலில் தூங்குகிற மரம், கூடு இருக்கிற இடம், இவற்றின் இருப்பிடத்தை எங்கேயும் போடாதீர்கள்.

அப்புறம், உள்ளூர்க்காரர்கள். முப்பது பேர் ஒரே மாதிரிப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் இறங்கினால் அவர்கள் தள்ளித்தான் நிற்பார்கள். இரண்டு பேராகப் போங்கள், தானாக வந்து பேசுவார்கள். ஆடு மேய்க்கிறவருக்கும், மடைத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டிக்கும், மீன் குத்தகை எடுத்தவருக்கும் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது. எந்த மாசத்தில் எந்தப் பக்கம் வாத்து இறங்கும், முன்பெல்லாம் எத்தனை வந்தது, எந்த வருஷம் மரத்தை ஏலம் விட்டு வெட்டினார்கள், அதற்கப்புறம் நாரை கூடு கட்டியதா, எல்லாம் சொல்வார்கள். எங்கள் பக்கத்து ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் அரிவாள் மூக்கனின் இரண்டு வகையைத் தூரத்தில் பறக்கிற தோரணையிலேயே பிரித்துச் சொல்வார், பைனாக்குலரைக் கொடுத்தால் வேண்டாம் என்று கையசைப்பார். மீன் குத்தகைக்காரர்களை எதிரியாக நினைக்கிற மனப்பான்மை நம் குழுக்களில் இருக்கிறது. பறவையை விரட்ட வெடி போடுகிறார்கள் என்பது உண்மை, சில இடங்களில் நடக்கிறது. ஆனால் அவர் போட்ட பணமும் உண்மை. வருஷத்துக்கு ஒரு முறை கேமராவோடு வந்து திட்டிவிட்டுப் போகிறவர் பேச்சை அவர் கேட்க மாட்டார். மாதாமாதம் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறவர், சேறு தெரிகிற அந்த ஒரு மூலையில் மட்டும் இந்த ஒரு மாசம் வெடி வேண்டாமே அண்ணே என்று கேட்டால் காது கொடுப்பார்.

அதனால் மாதாமாதம் போக வேண்டும். பொங்கலுக்கு ஒரு நாள், பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கிற நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரு நாள், அதோடு ஐப்பசியிலிருந்து பங்குனி வரை மாதம் ஒரு காலை. அதே கண்மாய், அதே வழி, ஏறத்தாழ அதே நேரம். தண்ணீர் வற்றிப்போய் வெடித்த தரையில் வானம்பாடியும் வாலாட்டியும் மட்டும் இருக்கிற மாதத்தில்தான் போக மனசு வராது. அன்றைக்கும் போங்கள், அந்தப் பட்டியலும் சேர்ந்தால்தான் அந்தக் கண்மாயின் வருஷம் முழுமையாகும். குழுவின் பெரிய பயணம் வேறு வார இறுதிகளில் தாராளமாக இருக்கட்டும், வேடந்தாங்கலும் கோடியக்கரையும் எங்கேயும் ஓடிவிடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மாதிரிப் பயணம் வேண்டும்தான், ஒரே காலையில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று நிறையப் பார்த்தால்தான் ஆசை பிடிக்கும். கணக்கெடுப்பு நாளை மட்டும் அதற்குச் செலவழிக்காதீர்கள்.

ஒவ்வொரு குழுவும் மார்கழி முடிவதற்குள் ஒரு மாலை உட்கார்ந்து, தாலுகா வரைபடத்தை விரித்து, பட்டியலே இல்லாத நீர்நிலைகளைப் பேனாவால் சுழித்து, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர், ஒரு பைனாக்குலர் போதும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் வீட்டில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆழம் தெரியாத தண்ணீரிலும் சேற்றிலும் யாரும் இறங்க வேண்டாம், கரையிலிருந்து பார்த்தாலே போதும். மாட்டுப் பொங்கலன்று கண்மாய்க்கரையில் மாடு குளிப்பாட்டக் கூட்டம் இருக்கும், ஜல்லிக்கட்டு ஊர்களில் ரோடே அடைத்திருக்கும், அங்கெல்லாம் வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துக் குழு எதற்காவது ஆள் குறைந்தால் சொல்லுங்கள், நாங்கள் நாலைந்து பேர் எந்தக் கண்மாய்க்கும் வரத் தயார். கைவசம் இரண்டு பைனாக்குலர் கூடுதலாகவும் இருக்கின்றன. பழைய பள்ளிக்கூட மாணவர்கள் யாராவது கேட்டால் கொடுத்தனுப்பலாம் என்று துடைத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பறவை ஆர்வலர்